அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

"நம்ம டிபார்ட்மென்ட்டிலிருந்து மலருக்கு ஒருத்தனும் எழுதலைடா, நீயாவது ரெண்டு பக்கம் எழுதிக் கொடு" என்று மாணவர் பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டான். கவிதை எனக்கு வராது. வருகிறவர்கள் நம் கல்லூரியில் ஏராளம். இந்த மலரிலேயே எனக்கு முன்னும் பின்னும் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பிரேக் பேடு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள் நண்பர்களே!

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். அப்பா எட்டாவது முடித்த கையோடு விசைத்தறிக்குப் போனவர். பதினான்கு வருடம் தறி. பிறகு ஒரு மினி லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, பத்து வருடம் யார் யாருடைய வண்டியையோ ஓட்டினார். 2019இல் பைனான்ஸ் போட்டு மஞ்சள் போர்டு டிசையர் ஒன்றைப் பழசாக வாங்கினார். அம்மா இன்றும் தார் சுற்றப் போகிறார். தங்கை எட்டாவது. எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அதனால் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும், "பாலிடெக்னிக்ல படிக்கிறான்ல, அவனைக் கேளு" என்பார்கள். மிக்சி ஓடாவிட்டாலும் நான், பக்கத்து வீட்டுக் கரண்ட் பில் புரியாவிட்டாலும் நான். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் அப்பாதான் எல்லாம். அதில் நான் வாய் திறக்கக்கூடாது.

எங்கள் தெருவில் ஓர் ஆளோடு ஓர் ஆள் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் சண்டை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டை இல்லை. காலையிலிருந்து இரவு வரை சுற்றிலும் தறி ஓடுகிற ஊரில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? எல்லாரும் சத்தமாகப் பேசுகிற இடத்தில் ஒருவருக்குக் காது மந்தமானால் அது வெளியே தெரியாது. இது எனக்குப் போன வருடம்தான் உறைத்தது.

இரண்டாம் ஆண்டில் சேசிஸ் பாடம். ஒரு நாள் சார் ஒரு தேய்ந்த பேடை வகுப்பில் கை மாற்றி விட்டார். பேடு என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். புதிதாக இருக்கும்போது அந்தப் பொருளின் கனம் சுமார் 10 மில்லிமீட்டர். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிஸ்க்கை இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. டிஸ்க் தேயக்கூடாது, பேடு தேய வேண்டும். அதற்காகவே அதை மெத்தென்று செய்கிறார்கள். சார் ஒரு கதையும் சொன்னார். 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டாராம். நூறு கிலோமீட்டருக்கு மேல். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போக, வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்து, கட்டையின்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னாராம். அதுதான் முதல் பிரேக் லைனிங் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் அந்த அம்மையாரைப் பிடித்துப்போயிற்று.

பேடு என் கைக்கு வந்தபோது அதன் ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ உடைந்து தொங்குகிறது என்று நினைத்து, "சார், இது என்ன?" என்றேன்.

"அதுதாண்டா முக்கியம். பேடு தேய்ஞ்சு ரெண்டு, மூணு மில்லி பாக்கி இருக்கும்போது இந்த நாக்கு டிஸ்க்குல போய் உரசும். கீ...ன்னு கத்தும். வண்டி கெட்டுப்போனதால வர்ற சத்தம் இல்லை அது. கெட்டுப்போறதுக்கு முன்னாடி சொல்லணும்னு வேணும்னே செஞ்சு வெச்ச சத்தம்."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. சத்தம் என்றால் அதை நிறுத்தத்தானே பார்ப்பார்கள்! எங்கோ ஓர் இன்ஜினியர் உட்கார்ந்து, எவ்வளவு வளைத்தால் எத்தனை மில்லியில் கத்தும் என்று கணக்குப் போட்டு ஒரு சத்தத்தைச் செய்திருக்கிறார். ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. ஒரு துண்டு ஸ்பிரிங் தகடு, அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வண்டி விஷயம் ஆயிற்றே.

அந்த வருடம் மே மாதம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா திருச்செங்கோட்டில் சவாரி இறக்கிவிட்டு, வருகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் என்னை ஏற்றிக்கொண்டார். ஏ.சி. போடவில்லை, கண்ணாடி இறக்கியிருந்தது. ஊருக்குள் வேகம் குறைந்ததும் என் பக்கம் முன் சக்கரத்திலிருந்து கேட்டது. கீ.... பிரேக்கில் கால் வைத்தால் நின்றது. காலை எடுத்தால் மறுபடி கீ....

"ஏனுங்கப்பா, அந்தச் சத்தம் கேக்குதுங்களா?"

"என்ன சத்தம்?"

"லெஃப்ட் முன் சக்கரத்துல. கீ...ன்னு."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலியே. கல்லு கில்லு ஏதாச்சும் மாட்டியிருக்கும்."

கல் இல்லை. வீட்டு வாசலில் வண்டி திரும்பும்போது எதிர்வீட்டுச் சின்னப்பையன், "மாமா, உங்க வண்டி கத்துது!" என்று காதைப் பொத்திக்கொண்டான். அம்மாவுக்குக் கேட்டது. தங்கைக்குக் கேட்டது. அப்பா ஒருவருக்குத்தான் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து விளையாடுகிறோமோ என்று அவர் முகம் மாறியது.

மறுநாள் அதிகாலை நாலு மணிக்குக் கொல்லிமலை சவாரி. ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள். கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு. நான் பேடைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு வருசம் படிச்சுப்போட்டு எனக்கு பிரேக்கு சொல்லித் தர்றயாக்கு? பிரேக்கு கால்ல தெரியோணும். காதுலயா தெரியும்? பெடலு நல்லா கல்லாட்டம் நிக்குது."

அப்பா சொன்னது பொய் இல்லை. அவர் கால் டிரம் பிரேக்கில் பழகிய கால். டிரம் பிரேக்கில் லைனிங் தேயத் தேய, ஷூ டிரம்மைத் தொட அதிக தூரம் நகர வேண்டும். அதனால் பெடல் கீழே இறங்கும். காலுக்கு உடனே தெரியும். அட்ஜஸ்ட் செய்தால் மறுபடி மேலே வரும். டிஸ்க் பிரேக் அப்படி இல்லை. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கும். பேடு தேய்ந்திருந்தால் பிஸ்டன் அந்த அளவுக்கு வளையத்தில் வழுக்கி முன்னே வந்து புது இடத்தில் நின்றுகொள்ளும். தன்னைத்தானே அட்ஜஸ்ட் செய்துகொள்கிறது. 10 மில்லி இருக்கும்போது பெடல் எங்கே நின்றதோ, 2 மில்லியிலும் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கும். காலுக்குத் தெரியாது என்பதால்தான் காதுக்குச் சொல்ல ஒரு தகடு வைத்தார்கள். அந்தக் காதுக்கும் கேட்காவிட்டால்?

இதை நான் அன்று இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. கத்தினேன். அப்பாவும் கத்தினார். கடைசியில் அம்மா, "ஒரு சக்கரத்தைக் கழட்டிப் பாத்தா என்ன தேஞ்சா போகுது? புள்ளைங்க ஏறுற வண்டி" என்றதும் அப்பா ஒன்றும் பேசாமல் ஜாக்கியை எடுத்தார்.

சக்கரத்தைக் கழற்றி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிப்பக்கப் பேடு கிட்டத்தட்ட 5 மில்லி இருந்தது. பரவாயில்லையே என்று ஒரு நிமிடம் எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு உள்பக்கம் பார்த்தேன். 2 மில்லிகூட இல்லை. அந்த நாக்கு உரசிய இடத்தில் டிஸ்க்கின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு வட்டம் பளபளத்தது. அப்பா அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் தெரிந்த ஸ்பேர்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டு, பூட்டிய கடையைத் திறக்கவைத்து, முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பேடு வாங்கி வந்தார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் நாலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். உள்பேடு மட்டும் ஏன் தேய்ந்தது என்று அண்ணன் காட்டினார். காலிப்பர் நகர்கிற பின்னின் ரப்பர் கிழிந்து, உள்ளே தூசியும் துருவும் ஏறி இறுகிக் கிடந்தது. காலிப்பர் நகராவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேடே முழு வேலையையும் செய்து தேய்ந்துபோகும். வெளியிலிருந்து ஸ்போக் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறவனுக்கு நன்றாக இருக்கிற பேடுதான் தெரியும்.

புது பேடு கனமாக இருக்கும் அல்லவா? அது நுழைய பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அண்ணன் ஸி கிளாம்ப் போட்டுத் தள்ளத் தள்ள, மேலே பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிந்தது. "யாரு இதுல ஆயில் ஊத்துனது?" என்று கேட்டார்.

அப்பாதான். ஒரு மாதத்துக்கு முன் திருப்பங்களில் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு மினுக்கு மினுக்கு என்று எரிந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டால் எரிகிற அதே விளக்கு. ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊற்றினார், விளக்கு அணைந்துவிட்டது. லீக் எதுவும் இல்லை. பேடு தேய்ந்து பிஸ்டன் முன்னே வந்த இடத்தை ஆயில் போய் நிரப்பியிருக்கிறது, அதனால்தான் டப்பாவில் மட்டம் இறங்கியது. சத்தத்துக்கு ஒரு மாதம் முன்பே வண்டி விளக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. நாம் ஊற்றி அணைத்துவிட்டோம். நண்பர்களே, வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றுவதற்கு முன் பேடைப் பாருங்கள்.

வேலை முடிய இரவு பதினொன்றரை. வழிந்த ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இல்லாவிட்டால் பெயிண்டை அரித்துவிடும். அப்பா நாலு மணி நேரம்கூடத் தூங்காமல் கொல்லிமலைக்குக் கிளம்பினார். புது பேடு டிஸ்க்கோடு படிய கொஞ்ச தூரம் ஓட வேண்டும், முதலில் மெதுவாகப் பிரேக் போடுங்கள் என்று சொன்னேன். "ம்" என்றார். அவர் என் பேச்சுக்கு "ம்" சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று பகலெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு வண்டி 1500 கிலோ, மலை உயரம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இறங்கும்போது எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டிய ஆற்றல் சுமார் 1 கோடியே 47 லட்சம் ஜூல். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். "ஏறுன கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது அதற்காகத்தான். அப்பாவும் அப்படித்தான் இறங்குவார். மீதி பேடின் தலையில். பேடு மெலிந்துவிட்டால் அந்தச் சூட்டைத் தடுக்க இடையில் ஒன்றும் இல்லை, நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கிவிடும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு 140தான். எங்கள் வண்டியில் இருந்தது எப்போது மாற்றிய ஆயில் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. "பிரேக்கு நல்லாருக்குது" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

பேடு மாற்றியாயிற்று. காது? அதைப் பேச எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியில் நானும் அம்மாவும் அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். முதலில் டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு கையைப் பொத்தானில் வைத்தபடியே ரொம்ப நேரம் சும்மா இருந்தார். உள்ளே சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் கேட்கவில்லை என்பது எனக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

சோதித்த மேடம் சீட்டைக் காட்டினார். இரண்டு காதுக்கும் இரண்டு கோடு. பேச்சுச் சத்தத்துக்கு ஓரளவு சமமாகப் போய், 4000 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் பள்ளத்தில் விழுந்திருந்தன. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"டிரைவருங்க."

"அதுக்கு முன்னாடி?"

"தறிங்க."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நாள் முழுக்க இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது இந்தக் கீச்சுச் சத்தங்கள்தான், உள்காதில் செத்த செல்கள் திரும்ப முளைக்காது, பேச்சு கேட்பதால் அவர்களுக்கே தெரியாது என்று விளக்கினார். காது மெஷின் வைக்கலாம் என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "லைசென்சுக்கு ஒண்ணும் வராதில்ல?" உரிமம் புதுப்பிக்கிற மருத்துவச் சான்றிதழில் காதைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. ஹார்ன் மாதிரி சாதாரணச் சத்தங்கள் கேட்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. அது அப்பாவுக்கு நன்றாகக் கேட்கிறது. அப்படித்தான் சொன்னேன். மெஷின் இன்னும் வாங்கவில்லை. கார் தவணை முடியட்டும் என்கிறார்.

இந்த வருடம் பிராஜெக்டுக்கு என்ன தலைப்பு என்று சார் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. பேடு தேய்மான சென்சார். விலை உயர்ந்த கார்களில் இது ரொம்ப நாளாக இருக்கிறது. பேடுக்குள் ஒரு சின்ன ஒயர் வளையம். பேடு தேய்ந்து ஒயர் மட்டத்துக்கு வந்ததும் டிஸ்க் அதை அறுத்துவிடும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் இன்னும் ஒரு படி மேலே போய், இத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்றே கணக்குச் சொல்கிறது. ஆனால் அதிலும் சென்சார் முன் இடது, பின் வலது என்று இரண்டு சக்கரத்தில்தான். மற்ற இரண்டும் இவற்றைப் போலவே தேயும் என்ற நம்பிக்கை! எங்கள் வண்டியின் இறுகிய பின்னைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை முழுசாக இல்லை.

நாலு பேர் சேர்ந்து லேபில் இருந்த டிஸ்க் பிரேக் மாடலில் செய்தோம். சென்சாரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒற்றை ஒயர். அது டிஸ்க்கைத் தொட்டால் எர்த் ஆகி விளக்கு எரியும். அதில் ஒயர் நடுவழியில் அறுந்துபோனால் விளக்கு எரியவே எரியாது, நமக்கும் தெரியாது. இன்னொன்றில் ஒயர் வளையத்தில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அறுந்தால் ரிலே விட்டுவிடும், விளக்கு எரியும். எலி கடித்து அறுந்தாலும் எரியும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். ஏமாற்ற முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். சார் வந்து இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினார். விளக்கு அணைந்தது. "ஒர்க்‌ஷாப்புல புது சென்சார் போடறதுக்குப் பதிலா இப்படிச் செஞ்சு அனுப்புறவங்களும் இருக்காங்கப்பா" என்றார். இதற்கு எங்களிடம் பதில் இல்லை. ரிப்போர்ட்டில் குறைபாடுகள் என்ற தலைப்பில் எழுதிவிட்டோம்.

இதை அப்பாவின் வண்டியிலேயே மாட்டிவிட முடியுமா என்றும் கேட்டேன். பேடில் நாமாகத் துளை போட்டால் அது வெடித்துப் பெயர்ந்துவரலாம், தொடாதே என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மாடலோடு சரி.

ரிவ்யூ அன்று வெளியிலிருந்து வந்த சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒரு பஸ்ஸர் வெச்சிருந்தா இன்னும் நல்லா இருக்குமே? ஏன் வெறும் லைட் மட்டும் வெச்சீங்க?" என்று கேட்டார். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸர் வேண்டாம் என்று அடம்பிடித்தவன் நான்தான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "எல்லா டிரைவருக்கும் கேக்காதுங்க சார்" என்றேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு நானும் அப்பாவும் முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, உள்பேடு, வெளிப்பேடு இரண்டையும் அளக்கிறோம். தங்கையின் பழைய நோட்டில் கிலோமீட்டரும் மில்லிமீட்டரும் எழுதி வைக்கிறேன். போன ஞாயிறு இடது உள்பேடு 7, வெளிப்பேடு 7. சக்கரத்தை மாட்டியதும் அப்பா, "ஏறு கண்ணு, ஒரு ரவுண்டு போலாம்" என்றார். எங்கள் ஊர் ஸ்பின்னிங் மில்லுக்கு நீளமான காம்பவுண்ட் சுவர் உண்டு. சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால் சக்கரத்துச் சத்தம் அதில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். இது மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. அப்பா கண்ணாடிகளை இறக்கினார். என் பக்கம் சுவர் வருகிற மாதிரி ஓரம் கட்டி, முதல் கியரில் உருட்டிக்கொண்டே போனார்.

"கேக்குதா?"

"இல்லீங்கப்பா."

சுவர் முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பி இன்னொரு தடவை ஓட்டினார்.